வீட்டில் கட்டும் கயாக்கில் நீர் புகாத தடுப்புகளும் ஹேட்ச்களும்: சென்னையில் செய்து முடிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

பிளைவுட்டை வெட்டி, கம்பியால் தைத்து, எபாக்ஸி (இரண்டு திரவங்களைக் கலந்தால் இறுகும் பசை) தடவிக் கயாக் (துடுப்பால் ஓட்டும் குறுகலான படகு) கட்டுகிறவர்கள் வெளி உருவத்துக்காக மாதக்கணக்கில் உழைக்கிறார்கள். உள்ளே நிற்கும் இரண்டு தடுப்புகளும், மேல்தளத்தில் திறக்கும் இரண்டு ஹேட்ச்களும் (மூடி போட்ட திறப்புகள்) மட்டும் கடைசி வாரத்து அவசர வேலையாகிவிடுகின்றன. படகு கவிழ்ந்தால் அதையும் உங்களையும் தண்ணீருக்கு மேலே வைத்திருக்கப்போவது அந்த நான்கும்தான். அதனால் இந்த வேலைக்கென்று தனியாக நேரம் ஒதுக்குங்கள்.

நம் கரையின் கட்டுமரத்துக்குத் தடுப்பு தேவைப்படவில்லை. அலை அதன்மேல் ஏறி, கட்டைகளின் இடுக்கில் வடிந்து போய்விடும். மரமே தண்ணீரைவிட லேசு, மூழ்க வழியில்லை. கயாக் அப்படியல்ல. 4 மி.மீ. தடிமனுள்ள ஓட்டுக்குள் அடைபட்டிருக்கும் காற்றுதான் அதன் மிதப்பு. ஒரு லிட்டர் காற்று ஏறக்குறைய ஒரு கிலோவைத் தாங்கும். கடல் நீரில் இன்னும் கொஞ்சம் கூடுதலாகத் தாங்கும். தடுப்பே இல்லாத 16 அடிக் கயாக் கவிழ்ந்து நிமிர்ந்தால் உள்ளே 200 லிட்டருக்கு மேல் தண்ணீர் ஏறலாம். வீட்டுக்கு வரும் 20 லிட்டர் தண்ணீர் கேன் பத்தை உள்ளே கொட்டியது போல. அந்த எடையோடு படகு அலையில் உருண்டு கரைக்கு வரும்போது, கரைக்கும் படகுக்கும் நடுவில் யாரும் நிற்கக் கூடாது.

தடுப்பு போட்டுவிட்டால் நீங்கள் உட்காரும் நடுப்பகுதியில் மட்டும்தான் தண்ணீர் நிற்கும். முன்னும் பின்னும் இருக்கும் இரண்டு அறைகள் படகைத் தூக்கிப் பிடிக்கும். சாமான் வைக்க இடம் கிடைப்பதெல்லாம் உபரி லாபம். இங்கிருந்து செய்யும் ஒவ்வொரு வேலையிலும் ஒரே கேள்வியைக் கேட்டுக்கொள்ளுங்கள்: இந்தப் பெட்டி காற்றைப் பிடித்து வைக்குமா? பெரும்பாலும் பலகை ஒழுகுவதில்லை. பலகையின் விளிம்பும், மேல்தளத்தோடு சேரும் மூலையும், மூடியின் ரப்பரும், ஒரு சின்ன போல்ட் துளையும்தான் ஒழுகும்.

எந்த மாதம், எந்த நேரம்

சென்னையில் எபாக்ஸி வேலைக்கு ஜனவரி முதல் மார்ச் வரை நல்ல காலம். கத்திரி வெயிலில் கலவை கைக்கு அடங்காது. வெப்பம் 10 டிகிரி கூடினால் எபாக்ஸி இறுகும் நேரம் ஏறக்குறைய பாதியாகக் குறையும். கிண்ணம் நிறையக் கலக்கி வைத்தால், பாதி வேலைக்குள் கிண்ணமே சூடேறிப் புகைய ஆரம்பிக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் தொல்லை வேறு மாதிரி. ஈரக்காற்றில் இறுகிய எபாக்ஸியின் மேல் எண்ணெய்ப் பிசுக்கு போல ஒரு படலம் படியும். அதை எடுக்காமல் அடுத்த பூச்சைப் பூசினால் அது ஒட்டாமல் உரிந்து வரும். தின்னர் போட்டுத் துடைத்தால் படலம் பரவத்தான் செய்யும். வெறும் தண்ணீரும் பாத்திரம் தேய்க்கும் பச்சை நாரும் போதும். கழுவி, துடைத்து, காயவிட்டு, அப்புறம் உப்புத்தாள் போடுங்கள்.

வெறும் மரத்தில் முதல் பூச்சு பூசும்போது மாலை நாலு மணிக்கு மேல் தொடங்குங்கள். காலையில் பூசினால் வெயில் ஏற ஏற மரத்துக்குள் இருக்கும் காற்று விரிந்து, பூச்சைத் துளைத்துக்கொண்டு குமிழியாக வெளியே வரும். ஒவ்வொரு குமிழியும் ஒரு ஊசித் துளை. வெயில் இறங்கும் நேரத்தில் பூசினால் மரம் எபாக்ஸியை உள்ளே இழுத்துக்கொள்ளும். இரவு ஈரத்தால் பிசுக்கு கொஞ்சம் கூடலாம். அதைக் கழுவிவிடலாம், துளையை அடைப்பதுதான் கஷ்டம்.

சாமான்கள்

பிளைவுட்டில் ஐ.எஸ். 710 (படகு வேலைக்கான பிளைவுட்டின் இந்தியத் தரம்) முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். கடையில் 'வாட்டர்ப்ரூஃப்' என்று சொல்லி ஐ.எஸ். 303 பலகையை நீட்டுவார்கள். அது சமையலறை அலமாரிக்குச் சரி, படகுக்கு வேண்டாம். தடுப்புக்கு 4 மி.மீ. போதும். சந்தேகம் இருந்தால் ஒரு துண்டை வெட்டிச் சில மணி நேரம் கொதிநீரில் போட்டுப் பாருங்கள். அடுக்குகள் பிரிந்தால் அந்தப் பலகையைத் திருப்பிக் கொடுத்துவிடலாம்.

ரெசின் விஷயத்தில் கவனம் தேவை. காசிமேடு பக்கம் ஃபைபர் படகு வேலைக்குப் புழங்கும் ரெசின் பெரும்பாலும் பாலியெஸ்டர். ஃபைபர்மேல் ஃபைபர் போட அது நன்றாக உழைக்கும், விலையும் குறைவு. ஆனால் மரத்தைப் பிடிக்கும் வலு அதற்குக் குறைவு. ஈரம் பட்டுப் பட்டு நாளடைவில் விட்டுவிடும். மரப் படகுக்கு எபாக்ஸிதான் வேண்டும், அதிலும் மெதுவாக இறுகும் ஹார்ட்னர் (ரெசினோடு கலந்து அதை இறுகவைக்கும் திரவம்). அதே காரணத்தால் அந்த வேலைக்கு விற்கும் நார்ப் பாயையும் தவிர்த்துவிடுங்கள். நாரைப் பிடித்து வைத்திருக்கும் பசை பாலியெஸ்டரில் இருக்கும் ஸ்டைரீனில் கரைவதற்கென்று செய்யப்பட்டது. எபாக்ஸியில் அது சரியாக இளகாது. நெய்த கண்ணாடி இழைத் துணி, 200 ஜி.எஸ்.எம். (சதுர மீட்டருக்கு 200 கிராம்) அளவில், கூடவே 50 மி.மீ. அகல நாடா வாங்குங்கள்.

இன்னொன்று: பாலியெஸ்டரில் வேகம் வேண்டுமென்றால் கேட்டலிஸ்டை (அதை இறுகவைக்கும் திரவம்) இரண்டு சொட்டு கூட்டுவார்கள். எபாக்ஸியில் அது கூடவே கூடாது. டப்பாவில் போட்ட விகிதத்தை எலெக்ட்ரானிக் தராசில் அப்படியே நிறுங்கள். எடை விகிதமும் கொள்ளளவு விகிதமும் வேறு வேறு, எது எழுதியிருக்கிறது என்று படித்துக்கொள்ளுங்கள்.

மற்றவை சாதாரணச் சாமான்கள்தான்: எபாக்ஸியைக் கெட்டியாக்கச் சிலிக்கா தூள், சல்லடையில் சலித்த மரத்தூள், கையுறை, முகக்கவசம், 80 நம்பர் உப்புத்தாள், மாஸ்கிங் டேப், பழுப்பு நிறப் பேக்கிங் டேப். பேக்கிங் டேப்பில் எபாக்ஸி ஒட்டாது. அது எவ்வளவு பெரிய உதவி என்பது ஹேட்ச் வேலையில் தெரியும். கையுறையை ஆடம்பரமாக நினைக்காதீர்கள். எபாக்ஸி ஒவ்வாமை ஒருமுறை உடம்பில் ஏறிவிட்டால் பிறகு அந்த வாசனையே ஆகாது.

தடுப்பு எங்கே நிற்க வேண்டும்

படகுக்குள் உட்கார்ந்து பார்க்காமல் அளவு எடுக்காதீர்கள். முதுகு சாய்த்து, கால் நீட்டி, கடலுக்குப் போகும் செருப்போ ஷூவோ போட்டுக்கொண்டு உட்காருங்கள். கால் மிதிக்கட்டையைத் தாண்டி 5 முதல் 8 செ.மீ. முன்னால் முன்தடுப்பு வரட்டும். வீட்டில் வேறு யாராவது ஓட்டுவார்கள் என்றால் உயரமானவரின் காலுக்கு அளவு எடுங்கள். அதற்கு மேல் இடம் விட வேண்டாம். நடுவில் விடும் ஒவ்வொரு சென்டிமீட்டரும் தண்ணீருக்குக் கொடுக்கும் இடம்.

பின்தடுப்பின் மேல்விளிம்பு காக்பிட் (நீங்கள் உட்காரும் நடுப்பகுதி) வாயின் பின்விளிம்புக்கு எவ்வளவு நெருக்கமாக முடியுமோ அவ்வளவு நெருக்கமாக இருக்கட்டும். காரணம் இதுதான்: கவிழ்ந்த படகைக் கவிழ்ந்தபடியே மூக்கைப் பிடித்துத் தூக்கினால், தண்ணீர் பின்னால் ஓடித் தடுப்பில் மோதி, காக்பிட் வாய் வழியாகக் கொட்டிவிட வேண்டும். தடுப்பு ஒரு முழம் பின்னால் இருந்தால் அந்த ஒரு முழத்திலும் தண்ணீர் தேங்கும். எவ்வளவு தூக்கினாலும் வெளியே வராது.

மேல்தளத்தை ஒட்டும் முன்பே தடுப்புகளை வையுங்கள். ஹேட்ச் வேலையில் முக்கால்வாசியையும் மேல்தளம் கையில் தனியாக இருக்கும்போதே முடிக்கலாம். மேல்தளம் ஏற்கெனவே ஒட்டியாகிவிட்டது என்றால் முடியாதென்று இல்லை. காக்பிட் வழியாக உடம்பைப் பாதி நுழைத்துச் செய்ய வேண்டியிருக்கும். அப்படியானால் முதலில் ஹேட்சை வெட்டுங்கள், தடுப்பின் மறுபக்கத்துக்குக் கை போக அதுதான் வழி.

அச்சு எடுத்தல்

படகின் குறுக்குவெட்டு எந்த இடத்திலும் நேர்கோடாக இருப்பதில்லை. அளவு நாடாவை வைத்து வரைந்தால் பொருந்தாது. அட்டைப்பெட்டியிலிருந்து ஒரு துண்டை, வேண்டிய அளவைவிட எல்லாப் பக்கமும் இரண்டு விரல் குறைவாக வெட்டுங்கள். அதைத் தடுப்பு வரும் இடத்தில், நடுக்கோட்டுக்கு நேர் குறுக்காக நிறுத்துங்கள். மூலைமட்டத்தை வைத்துப் பாருங்கள். படகை முதலில் ரசமட்டம் பார்த்து நேராக நிறுத்திவிட்டால் தடுப்பின் செங்குத்தையும் அதே மட்டத்தில் பார்த்துக்கொள்ளலாம்.

இப்போது தபால் அட்டை அளவுக் காகித அட்டைகளைச் சின்னச் சின்னப் பட்டைகளாக நறுக்கி, ஒவ்வொன்றையும் பெரிய அட்டையின் மேல் வைத்து, அதன் நுனி படகின் சுவரைத் தொடும்வரை தள்ளி டேப் ஒட்டுங்கள். பலகைகள் சேரும் மடிப்பு மூலைகளில் பட்டைகளை நெருக்கமாக ஒட்டுங்கள், நேர்ச் சுவரில் இடைவெளி விட்டு ஒட்டினாலும் போதும். சுற்றிலும் ஒட்டி முடித்ததும் மொத்தத்தையும் மெதுவாக வெளியே எடுத்தால், அந்த இடத்தின் சரியான உருவம் கையில் இருக்கும். பிளைவுட்டில் வைத்து வரைந்து, எது காக்பிட் பக்கம், எது மேல் என்று உடனே எழுதிவிடுங்கள். மேல்விளிம்பை மட்டும் 2 செ.மீ. கூடுதலாக விட்டு, பிறகு மேல்தளத்தைச் சும்மா வைத்துப் பார்த்து அதன் வளைவுக்கு ஏற்றபடி அரத்தால் இறக்குங்கள்.

வெட்டும்போது கோட்டுக்கு உள்ளே 2 மி.மீ. குறைத்து வெட்டுங்கள். இறுக்கமாகப் பொருந்துவதுதான் நல்ல வேலை என்று தச்சு வேலை பழகிய கை சொல்லும். இங்கே அது தப்பாகிவிடும். இறுக்கமான தடுப்பு மெல்லிய ஓட்டை உள்ளிருந்து தள்ளும். பாலீஷ் போட்ட பிறகு வெளியே ஒரு வரி புடைத்துத் தெரியும். கல்லில் மோதும்போது ஓடு உடைவதும் அந்த வரியில்தான். இடைவெளியை எபாக்ஸி நிரப்பிக்கொள்ளும்.

பலகையின் இரு முகங்களுக்கும் எபாக்ஸி பூசுங்கள். விளிம்புக்கு இன்னும் அதிகமாக, மரம் இனி குடிக்காது என்னும்வரை. பிளைவுட் தண்ணீரை உறிஞ்சுவது விளிம்பு வழியாகத்தான்.

ஒட்டுதல்

தடுப்பு வரும் இடத்தில் இருபுறமும் நாலு விரல் அகலத்துக்கு 80 நம்பர் உப்புத்தாளால் தேயுங்கள். பளபளப்பு போய் மங்கலாக வேண்டும். தூசியைத் துடைத்து, பலகையை நிறுத்தி, மூன்று நான்கு இடங்களில் கெட்டியான எபாக்ஸியைப் பொட்டுப் பொட்டாக வைத்து இறுகவிடுங்கள். மட்டம் பார்ப்பதென்றால் அதற்கு முன்பே பார்த்துவிடுங்கள்.

மறுநாள் மூலையை நிரப்பும் வேலை. எபாக்ஸியையும் ஹார்ட்னரையும் முதலில் நன்றாகக் கலக்கிவிட்டு, அப்புறம்தான் தூளைச் சேர்க்க வேண்டும். பாதிச் சிலிக்கா, பாதி மரத்தூள் என்று தொடங்கி, கரண்டியைக் கவிழ்த்தாலும் விழாத கெட்டிக்குக் கொண்டு வாருங்கள். சிலிக்கா தூள் புகை போலப் பறக்கும். முகக்கவசம் இல்லாமல் டப்பாவைத் திறக்காதீர்கள். ஒரு தடவைக்கு 100 கிராமுக்கு மேல் கலக்க வேண்டாம். உயரமான கப்பில் கலக்காமல் அகலமான தட்டில் பரப்பினால் சூடு வெளியேறும், இன்னும் சில நிமிடம் கிடைக்கும்.

கலவையைப் பால் கவர் போன்ற தடித்த பிளாஸ்டிக் பையில் போட்டு, ஒரு மூலையை வெட்டி, சுவரும் தடுப்பும் சேரும் கோட்டில் பிழிந்துகொண்டே போங்கள். வளைந்த முனையுள்ள பிளாஸ்டிக் அட்டையால் ஒரே இழுப்பில் வழியுங்கள். குழிவின் ஆரம் 12 மி.மீ. இருந்தால் கண்ணாடித் துணி மடியாமல் படியும். ஓரத்தில் பிதுங்குவதை உடனே சுரண்டி எடுத்துவிடுங்கள், இறுகிய பிறகு அதை எடுக்க மணிக்கணக்கில் தேய்க்க வேண்டும். கலவை கொஞ்சம் இறுகி, விரலால் அழுத்தினால் தடம் மட்டும் விழும் பதத்தில் 50 மி.மீ. நாடாவை அதன் மேல் வைத்து, பிரஷ்ஷால் எபாக்ஸியைக் குத்திக் குத்தி நனைக்க வேண்டும். வெள்ளை மறைந்து துணி கண்ணாடி போலத் தெளிவாகத் தெரிகிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். வெள்ளைப் புள்ளி இருந்தால் அங்கே காற்று மாட்டியிருக்கிறது. தடுப்பின் இரு பக்கமும் இதே வேலைதான், ஒரு பக்கம் மட்டும் போதும் என்று விட்டுவிடாதீர்கள்.

நெற்றியில் ஒரு துண்டைக் கட்டிக்கொள்ளுங்கள். குனிந்து வேலை செய்யும்போது வியர்வை ஒரு சொட்டு ஈர எபாக்ஸியில் விழுந்தால் அந்த இடம் சரியாகப் பிடிக்காது. நம் ஊர்ப் புழுக்கத்தில் இது உண்மையான பிரச்சினை.

மேல்தளம் ஒட்டிய பிறகு தடுப்பின் மேல்விளிம்பு மட்டும் மிச்சம் இருக்கும். பெரும்பாலான படகுகள் ஒழுகுவது இங்கேதான், ஏனென்றால் கண்ணுக்குத் தெரியாத இடம், கைக்கு எட்டாத இடம். படகைத் தலைகீழாகக் கவிழ்த்துப் போடுங்கள். இப்போது மேல்தளம் கீழே வந்துவிட்டது, கலவை வழியாமல் மூலையிலேயே நிற்கும். பிரஷ்ஷை ஒரு நீளக் குச்சியில் கட்டிக்கொண்டு, ஒரு பக்கத்தைக் காக்பிட் வழியாகவும் மறுபக்கத்தை ஹேட்ச் வழியாகவும் முடியுங்கள். தடவிப் பார்த்து உறுதி செய்வதோடு, மொபைலை உள்ளே விட்டு வீடியோ எடுத்தும் பாருங்கள்.

ஹேட்ச்: மேல்தளத்திலிருந்தே மூடி

முன்பக்கத்துக்குக் கடையில் கிடைக்கும் 6 அங்குல, 8 அங்குல வட்டத் திருகு மூடி ஒன்றை வாங்கிப் பொருத்தலாம். மேல்தளம் அந்த இடத்தில் தட்டையாக இருக்க வேண்டும் என்பதும், திருகுப் பள்ளத்தில் கடற்கரை மணல் புகுந்தால் மூடி இறுகாது என்பதும் அதன் குறைகள். பின்பக்கத்துக்கு நான் மேல்தளத்தையே வெட்டி எடுத்து அதையே மூடியாக்கும் முறையைத்தான் சொல்வேன். வளைவு தானாகப் பொருந்தும், அளவு நம் இஷ்டம், உடைந்தால் நாமே சரிசெய்யலாம்.

40 செ.மீ. நீளம், 25 செ.மீ. அகலத்தில் நீள்வட்டமாக வரையுங்கள். ஹேட்சின் விளிம்புக்கும் தடுப்புக்கும் நடுவே 10 செ.மீ.யாவது இருக்கட்டும். மூலைகளைக் கூராக விடாதீர்கள். மேல்தளம் அலையில் முறுகும்போது விரிசல் கூர்மூலையிலிருந்துதான் ஓடும். மேல்தளத்துக்கு வெளித் துணியும் எபாக்ஸியும் போட்டு இறுகிய பிறகே வெட்ட வேண்டும்.

வெட்டும் முன், வரைந்த இடத்தைச் சுற்றி மேல்தளத்தின் மேல் பேக்கிங் டேப்பை இடைவெளியில்லாமல் ஒட்டுங்கள். அதன் மேல் 200 ஜி.எஸ்.எம். துணி ஆறு, ஏழு அடுக்கு வைத்து எபாக்ஸியால் நனைத்து இறுகவிடுங்கள். இறுகியதும் தட்டினால் அப்படியே கழன்று வரும். மேல்தளத்தின் அதே வளைவில் ஒரு தகடு கிடைத்துவிட்டது. அதிலிருந்து 5 செ.மீ. அகலமுள்ள ஒரு வளையத்தை வெட்டுங்கள். அதில் பாதி மேல்தளத்துக்கு அடியில் ஒட்டிக்கொள்ளும், மீதிப் பாதி ஹேட்ச் வாய்க்குள் நீட்டிக்கொண்டு மூடி உட்காரும் படியாக இருக்கும்.

இனி மூடியை வெட்டுங்கள். கோட்டின் மேல் மாஸ்கிங் டேப் ஒட்டினால் ஓரம் சிதறாது. ஜிக்சா பிளேடு நுழையப் பெரிய துளை போடாமல், 1 மி.மீ. பிட்டால் ஐந்தாறு துளைகளை வரிசையாகப் போட்டு, உடைந்த ஆக்ஸா பிளேடால் அவற்றை இணைத்து வாய் திறங்கள். மெல்லிய, நெருங்கிய பல்லுள்ள பிளேடு போட்டு, அவசரமில்லாமல் ஒரே சுற்றில் வெட்டினால் மூடிக்கும் மேல்தளத்துக்கும் நடுவே பிளேடின் தடிமன் மட்டும்தான் இடைவெளி. வெட்டின விளிம்புகள் இரண்டுக்கும் எபாக்ஸி மூன்று பூச்சு.

அடுத்தது ஒரு கணக்கு. வளையத்தை மேல்தளத்தின் அடியில் நேராக ஒட்டிவிட்டால், அதன் மேல் மூடியை வைத்ததும் மேல்மட்டம் சரியாக இருக்கும். ஆனால் ரப்பருக்கு இடமே இருக்காது. ரப்பரை வைத்தால் மூடி மேலே துருத்தும், அலை அதன் ஓரத்தைப் பிடித்து நெம்பும். ஆகவே வளையத்துக்கும் மேல்தளத்துக்கும் நடுவே ஒரு இடைப்பட்டை வேண்டும். அதன் தடிமன், அழுத்தப்பட்ட நிலையில் ரப்பரின் தடிமனுக்குச் சமம். 8 மி.மீ. ரப்பர் 5 மி.மீ. ஆக அமுங்க வேண்டும் என்றால் இடைப்பட்டை 5 மி.மீ. ரப்பர் தன் தடிமனில் மூன்றில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் கூடுதலாக அமுங்கினால் நன்றாக அடைக்கும். குறைவாக அமுங்கினால் ஒழுகும், அளவுக்கு மீறி நசுங்கினால் சீக்கிரம் செத்துப்போகும். அதனால் ரப்பரை வாங்கி, கையில் வைத்து, அமுக்கி அளந்த பிறகே இடைப்பட்டையை வெட்டுங்கள்.

மேல்தளம் தனியாக இருந்தால் வளையத்தை அடியிலிருந்து கிளாம்ப் போட்டு ஒட்டுவது சுலபம். ஏற்கெனவே ஒட்டிய மேல்தளம் என்றால், நீள்வட்ட வளையத்தைச் சாய்த்து அதன் குறுகிய பக்கத்தை ஹேட்சின் நீளமான பக்கம் வழியாக உள்ளே விடலாம்.

ரப்பர்

புதுப்பேட்டையில் கார் கதவுக்கான ரப்பர் பீடிங் எல்லா உருவத்திலும் கிடைக்கும். வாங்கும் முன் இரண்டு சோதனைகள். காந்தத்தை வைத்துப் பாருங்கள். கவ்விப் பிடிக்கும் ரகங்களுக்குள் இரும்புத் தகடு இருக்கும், உப்புத் தண்ணீரில் துருப்பிடித்து ரப்பரைக் கிழித்துக்கொண்டு வெளியே வரும். தகடு இல்லாத, பசையால் ஒட்டும் ரகத்தை வாங்குங்கள். அடுத்து, ஒரு துண்டைத் தண்ணீருக்குள் அமுக்கி விட்டு, வெளியே எடுத்துத் துடைத்து, பிழியுங்கள். தண்ணீர் சொட்டினால் அது சோபா ஸ்பாஞ்ச் போலத் தண்ணீர் குடிக்கிற ரகம். இ.பி.டி.எம். (ஒருவகைச் செயற்கை ரப்பர்) மூடிய நுரை ரப்பர் சொட்டாது.

ஒட்டும்போது சுற்று முழுவதும் ஒரே துண்டாக இருக்கட்டும். சேரும் இடத்தைச் சாய்வாக வெட்டி, இழுத்து ஒட்டாமல் சற்று நெருக்கி ஒட்டுங்கள். இழுத்து ஒட்டிய ரப்பர் நாளடைவில் சுருங்கி வாய் திறக்கும். அந்த இணைப்பு படகின் பின்பக்கம் பார்த்திருக்கட்டும். ரப்பர் காயாமல் இருக்க வாஸ்லினோ எஞ்சின் ஆயிலோ தடவாதீர்கள், இ.பி.டி.எம். ரப்பர் பெட்ரோலிய எண்ணெயில் ஊதிப்போகும். சிலிக்கான் கிரீஸ் கொஞ்சம் போதும்.

மூடியை இறுக்கிப் பிடிக்க 25 மி.மீ. நைலான் வார் மூன்று, ஸ்கூல் பையில் வரும் அழுத்துக் கொக்கி மூன்று. உள்ளிருந்து ரப்பர் கயிற்றால் இழுத்துப் பிடிக்கும் முறை பார்க்க அழகு, வெளியே ஒன்றும் தெரியாது. ஆனால் உள்ளே கயிறு தளர்ந்திருப்பதும் வெளியே தெரியாது. வார் இறுகியிருக்கிறதா என்று தூரத்திலிருந்தே பார்க்கலாம், அதனால் எனக்கு வார்தான் பிடிக்கும். வாரைப் பிடிக்கும் போல்ட்டுகள் 316 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் இருக்கட்டும். ஒவ்வொரு துளையையும் முதலில் பெரிதாகப் போட்டு, கெட்டி எபாக்ஸியால் முழுக்க அடைத்து, இறுகியதும் நடுவில் சரியான அளவில் மறுபடி துளையுங்கள். அப்போது போல்ட்டைச் சுற்றி எபாக்ஸிதான் இருக்கும், மரம் ஈரம் பார்க்காது. மூடியை ஒரு சின்னக் கயிற்றால் படகோடு கட்டிவிடுங்கள். கழன்ற மூடி அலையில் போனால் அந்த அறையும் போனது.

ஊசித் துளை

முழுக்க அடைத்த அறையில் ஒரு ஆபத்து இருக்கிறது. காலையில் 30 டிகிரியில் மூடிய அறை, கார் மேல் கட்டி ஈ.சி.ஆரில் வெயிலில் போகும்போது 60 டிகிரியைத் தொடலாம். உள்ளே இருக்கும் காற்று பத்தில் ஒரு பங்கு விரியப் பார்க்கும். சுவர் கொஞ்சமும் விட்டுக்கொடுக்காவிட்டால், 25 செ.மீ. வட்ட மூடியை உள்ளிருந்து தள்ளும் விசை 50 கிலோ எடைக்குச் சமமாகிவிடும். அதே படகைத் தண்ணீரில் இறக்கினால் காற்று குளிர்ந்து சுருங்கி, ரப்பரின் இடுக்கு வழியாகத் தண்ணீரை உறிஞ்சும்.

தீர்வு ரொம்பச் சின்னது. தடுப்பின் மேல்பகுதியில், மேல்தளத்துக்குச் சற்றுக் கீழே, காக்பிட் பக்கம் திறக்கும்படி 1.5 மி.மீ. துளை ஒன்று. அந்தத் துளை தண்ணீருக்குள் இருந்தாலும் நிமிடத்துக்குக் கால் லிட்டர்கூட உள்ளே வராது, ஆனால் காற்றழுத்தம் சமமாகிக்கொண்டே இருக்கும். துளையின் உட்சுவருக்கும் எபாக்ஸி தொட்டு விடுங்கள். வெளிர் நிறப் பெயிண்டும் இதே காரணத்துக்காகத்தான். சூடேற்றாமல், சாதாரண வெப்பநிலையில் இறுகிய எபாக்ஸி பொதுவாக 50, 60 டிகிரியில் இளக ஆரம்பிக்கும். கறுப்பு, கருநீல மேல்தளம் நம் வெயிலுக்கு ஆகாது.

சோதனை

சோதனையை வீட்டிலேயே தொடங்கலாம். ராத்திரி விளக்கை அணைத்துவிட்டு, அறைக்குள் டார்ச்சைப் போட்டு மூடி, ரப்பரைச் சுற்றியும் தடுப்பின் ஓரத்திலும் வெளிச்சம் கசிகிறதா என்று பாருங்கள். அடுத்து, ஊசித் துளையில் மெல்லிய டியூப் வைத்து வாயால் ஊதிக்கொண்டே, இன்னொருவரை எல்லா இணைப்புகளிலும் சோப்புத் தண்ணீர் தடவச் சொல்லுங்கள். குமிழி வரும் இடத்தில் பென்சிலால் வட்டம் போடுங்கள். சைக்கிள் பம்ப், கம்ப்ரெஸர் வேண்டாம், அந்த அழுத்தத்தில் இணைப்பே பிரிந்துவிடும். பிறகு ஊசித் துளையை டேப்பால் மூடி, அறைக்குள் பத்து லிட்டர் தண்ணீர் ஊற்றி, படகை முன்னும் பின்னும் பக்கவாட்டிலும் சாய்த்து வைத்துக் காக்பிட் பக்கம் ஈரம் தெரிகிறதா என்று தடவிப் பாருங்கள். கடைசியாக ஹோஸ் பைப்பை மூடியின் ஓரத்தில் சாய்வாகப் பீய்ச்சுங்கள். அலை நேராக மேலிருந்து விழுவதில்லை, பக்கத்திலிருந்துதான் வரும்.

ஒழுகினால் மேலே எபாக்ஸியைத் தடவி மறைக்காதீர்கள். அந்த இடத்தைத் தேய்த்து மரம்வரை போய், உலர்த்தி, மறுபடி நாடா போடுங்கள். சிலிக்கான் சீலன்ட் பூசிவிட்டால் பிறகு அதன் மேல் எபாக்ஸியோ பெயிண்டோ ஒட்டவே ஒட்டாது.

தண்ணீரில் முதல் சோதனைக்கு மெரினா, பெசன்ட் நகர் அலை வேண்டாம். முட்டுக்காடு போல அலையில்லாத கழிமுகத்தில், அங்கே படகு இறக்க அனுமதி கேட்டுக்கொண்டு, இடுப்பளவு ஆழத்தில் செய்யுங்கள். லைஃப் ஜாக்கெட் போட்டிருங்கள், கூட ஒருவர் இருக்கட்டும். காக்பிட்டில் வேண்டுமென்றே தண்ணீர் நிரப்புங்கள். முன்னும் பின்னும் ஒரே மட்டத்தில் மிதக்க வேண்டும், காக்பிட் வாய் தண்ணீருக்கு மேலே நிற்க வேண்டும். நீங்கள் உள்ளே ஏறி உட்கார்ந்த பிறகும் அது மேலேயே இருந்தால்தான் வாளியால் இறைத்துத் தீர்க்க முடியும். உட்கார்ந்ததும் வாய் மூழ்கினால் நடுப்பகுதி பெரிதாகிவிட்டது என்று அர்த்தம். சீட்டுக்குப் பின்னாலும் காலுக்கு முன்னாலும் மூடிய நுரைக் கட்டைகளை வைத்து அந்த இடத்தைக் குறையுங்கள். பிறகு கவிழ்த்து, மூக்கைத் தூக்கி, தண்ணீர் முழுதும் கொட்டுகிறதா என்று பாருங்கள். கரைக்கு வந்ததும் இரண்டு அறைகளையும் திறந்து உலர்ந்த துணியால் துடைத்துப் பாருங்கள். ஒரு ஸ்பாஞ்சில் அடங்கும் ஈரம் பரவாயில்லை. அதற்கு மேல் இருந்தால் மறுபடி சோப்புத் தண்ணீர்தான்.

எல்லாம் சரியாக வந்த பிறகும், இரண்டு அறைகளிலும் காற்றடைத்த பையையோ, மூடியை இறுக்கிய காலி பெட் பாட்டில்களை வலையில் கட்டியோ வைத்துவிடுங்கள். மூடியே பிடுங்கிக்கொண்டு போனாலும் அந்த அளவு மிதப்பு மிச்சம் இருக்கும்.

வீட்டில் வைக்கும்போது மூடிகளைக் கழற்றி வையுங்கள். எப்போதும் அமுங்கியே கிடக்கும் ரப்பர் பழைய தடிமனுக்குத் திரும்பாது. மூடிய அறையில் தங்கும் ஈரம் நம் ஊரில் சில வாரத்திலேயே பூஞ்சை பிடித்து பிளைவுட்டைத் தின்ன ஆரம்பிக்கும். கடலில் ஓட்டிவிட்டு வந்தால் நல்ல தண்ணீரில் ரப்பரையும் கொக்கியையும் கழுவுங்கள். ஒவ்வொரு மழைக்காலம் முடிந்ததும் ரப்பரின் தடிமனை அளந்து, 8 மி.மீ. ஆக இருந்தது 6 மி.மீ.க்கு வந்துவிட்டிருந்தால் யோசிக்காமல் உரித்துவிட்டுப் புதிதாக ஒட்டிவிடுங்கள். வார்களை வெயில் தின்னும், நகத்தால் கீறினால் தூள் உதிர்கிற வாரை அன்றைக்கே மாற்றிவிடுங்கள்.